வைத்தியர் அல்ஸைமர்

முதுமையில் நினைவு தடுமாறுவோரை அறளை பெயர்ந்தவர் எனச் சொல்லி ஒரு மூலையில் இருத்திவிடுவது கல்முனைக் கரையில் வாழும் எங்களுக்குப் பழகிப்போன வழக்கம். அத்தடுமாற்றத்தின் பின்னே மூளையில் நோயொன்று இருத்தல் கூடும் என்பதை நுணுக்குக்காட்டியிற் கண்டு உரைத்தவர் ஜேர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர்.

அன்னார் 1864 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆந் திகதி பவேரியாவின் மார்க்பிரைட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1888 முதல் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் பணிபுரிந்தார். 1901 இல் மனைவி செசிலி மூன்று குழந்தைகளை விட்டு மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஒகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்மணி அவ்வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். கணவர் பெயரைக் கேட்டால் தம் பெயரையே கூறினார். தம் பெயரை எழுதப் புகுந்து பாதியில் மறந்தார். நாள்தோறும் பொறுமையுடன் வினவி, வினாவையும் விடையையும் சொல் பிசகாமல் குறித்துவைத்தார் அல்ஸைமர். அன்னாருடைய பெருமை நுணுக்குக்காட்டியில் மட்டுமன்று, இந்தப் பொறுமையிலும் உண்டு என்பதே என் எண்ணம்.

பின்னர் அவர் மியூனிக் சென்றார். 1906 ஏப்ரலில் ஒகுஸ்டே இறக்கவே, மூளை அங்கு வருவிக்கப்பட்டது. வெள்ளிச் சாயமேற்றிய மெல்லிய துண்டுகளில் நரம்புக் கலங்களுள் முறுகிய நார்களையும், கலங்களுக்கு வெளியே படிந்த திட்டுக்களையும் கண்டார். நவம்பர் 3 இல் டூபிங்கன் மாநாட்டில் இதனை விளக்கியபோது அவையிலிருந்து ஒரு வினாவும் எழவில்லை! 1910 இல் அவருடைய தலைவர் கிரெப்பெலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்ஸைமரின் பெயரைச் சூட்டினார். அன்று அது அரியதொரு நோயாகவே எண்ணப்பட்டது. 1911 இல், ஆர்னல்ட் பிக் முன்னர் விவரித்திருந்த மற்றொரு மறதிநோயின் மூளையிலும் உருண்டையான படிவுகளைக் கண்டு எழுதினார். அந்நோய் இன்றும் அரிதே. நடத்தையும் பேச்சும் முதலிற் கெடுவதால் வீட்டார் அதனைக் குணக்கேடென்றே மயங்குவர்.

அரிய நோய்க்கு ஆய்வாளர் தேடும் முதியோர் எளிதிற் கிடைப்பதில்லை. நோயற்ற முதியோரும் வேண்டும். ஒப்பிடாமல் எதனையும் துணிய இயலாதல்லவா? ராகமையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 703 பேரைச் சோதித்து, 28 பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2003 இல் வெளியான ஆய்வு கூறிற்று. அந்த 28 பேரைக் காண, நோயற்ற மற்றையோரும் இசைந்து அமர வேண்டியிருந்தது. இங்கே மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒருவர் இத்தகைய ஆய்வுக்கு அழைத்தால், ஜனாஸாவைத் தாமதியாது முழுமையாக நல்லடக்கஞ் செய்யும் எம் குடும்பங்கள் மூளையைக் கேட்பரோ என்றே முதலில் அஞ்சும். அவ்வச்சத்தை நான் குறைகூறேன். ஆயின் நினைவுச் சோதனைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் படப்பிடிப்புக்கும் உயிருடனிருப்போரின் இசைவே வேண்டும். அதனை நினைவு தெளிவாயிருக்கும்போதே, மக்கள் முன்னிலையில், முதியவர் தாமே சொல்லல் வேண்டும். ஒகுஸ்டேக்கு அந்நிலை வாய்க்கவில்லை.

அல்ஸைமர் 1912 இல் பிரெஸ்லாவிற் பேராசிரியரானார். 1915 டிசம்பர் 19 இல், ஒகுஸ்டே வைத்தியசாலைக்கு வந்த அதே 51 வயதில், காலமானார். அவர் எழுதிவைத்த அப்பெண்மணியின் ஏடு 1995 இல் பிராங்பேர்ட்டிற் கண்டெடுக்கப்பட்டது.