திருச்சி சிறையில் தமிழ் படித்த மராத்தி ஆசிரியர்

மும்பையில் ஜேக்கப் சர்க்கிள் பக்கம் போகிறவர்களுக்கு ஆர்தர் ரோடு தெரியும். அங்கிருக்கும் சிறைச்சாலையும் தெரியும். அந்தச் சாலைக்கு இப்போது சானே குருஜி மார்க் என்று பெயர். பெயர்ப் பலகையைப் பார்த்தபடியே பஸ்சில் போகும் தமிழர்களில் பலர், அவர் யாரோ ஒரு சாமியார் என்று நினைத்திருக்கலாம்.

சாமியார் அல்ல, பள்ளிக்கூட ஆசிரியர். அதுவும் நம் வள்ளுவரை மராத்தியருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்.

அவருடைய முழுப் பெயர் பாண்டுரங்க சதாசிவ சானே. கொங்கணக் கரையில், தாபோலி அருகே உள்ள பால்கட் கிராமத்தில் 1899ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி பிறந்தார். அரசுக்காகக் கிராமத்தில் வரி வசூலித்துக் கொடுக்கும் குடும்பம். முதலில் வசதி இருந்தது. பிறகு கடன் வந்தது, சொத்து போனது, குடியிருந்த வீடும் போனது.

தாயார் யசோதாபாய். மகன் மீது உயிரையே வைத்திருந்தவர். ஆனால் செல்லம் கொடுத்துக் கெடுக்கவில்லை. கிணற்றில் இறங்கி நீந்தக் கற்றுக்கொள்ளப் பயந்து ஒளிந்த பிள்ளையை, கையில் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டியவர். தாழ்த்தப்பட்ட சாதிக் கிழவி ஒருத்தி விறகுச் சுமையைத் தூக்க முடியாமல் தவித்தபோது, போய்த் தூக்கிவிட்டு வா என்று அதே பிள்ளையை அனுப்பியவரும் அவர்தான். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிடும்படி சொல்லியே அனுப்பினார். அந்தக் காலத்து அக்கிரகாரத்துப் பெண்ணுக்கு அதற்குமேல் போக வழியில்லை. அந்த மிச்சத் தூரத்தை மகன் பின்னாளில் நடந்து முடித்தார்.

படிக்கப் பணம் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசச் சோறு கிடைக்கும் என்று கேள்விப்பட்டு அவுந்த் சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே பிளேக் வந்து, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு பூனாவில் அரை வயிறும் கால் வயிறுமாகப் படித்தார். அவர் அப்படி வெளியூரில் இருந்தபோதுதான் 1917இல் தாயார் கண்ணை மூடினார். மகன் கடைசி முகம் பார்க்கவில்லை. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. தந்தி கிடைத்து ரயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துபோன வீடுகள் எத்தனை!

அமல்நேர் விடுதி

மராத்தியிலும் சமஸ்கிருதத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றார். நல்ல சம்பளத்தில் நகரத்து வேலை தேடியிருக்கலாம். அவர் போனது கான்தேஷ் பகுதியில் உள்ள அமல்நேர் என்ற சிற்றூருக்கு. பிற்காலத்தில் விப்ரோ நிறுவனம் 1945இல் எண்ணெய் ஆலையாகப் பிறந்ததும் அதே ஊரில்தான். அங்குள்ள பிரதாப் உயர்நிலைப் பள்ளியில் 1924ஆம் ஆண்டு ஆசிரியரானார். மாணவர் விடுதியைக் கவனிக்கும் பொறுப்பும் வந்தது.

விடுதிக் காப்பாளர் என்றால் பிரம்பும் அதட்டலும் என்றுதான் பிள்ளைகள் எதிர்பார்த்தார்கள். இவரோ, அறையைப் பெருக்கு என்று சொல்லவில்லை. தாமே துடைப்பத்தை எடுத்தார். சுருட்டாமல் கிடந்த படுக்கையைச் சுருட்டி வைத்தார். அழுக்குத் துணியைத் துவைத்துக் காயப்போட்டார். பையன்கள் வெட்கப்பட்டுப் போய்த் தாங்களாகவே அந்த வேலைகளைச் செய்யத் தொடங்கினார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் இரவு முழுவதும் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். விடுதிக்கென்று தம் கையாலேயே எழுதி ஒரு நாளிதழ் நடத்தினார். ‘வித்யார்த்தி’ என்ற மாத இதழும் தொடங்கினார். பெற்ற தாயை இழந்தவர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக இருந்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஆறே ஆண்டுகள்தான். 1930இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் வேலையை விட்டார். ஆசிரியர் வேலை போனது. குருஜி என்ற பெயர் மட்டும் கடைசி வரை ஒட்டிக்கொண்டது.

குறளும் கீதையும்

பிறகு சிறைதான் அவருக்குப் பள்ளிக்கூடம். துலியா, நாசிக், எரவாடா என்று பல சிறைகள். ஒரு முறை அவரைத் திருச்சிராப்பள்ளிச் சிறைக்கு மாற்றினார்கள். மொழி தெரியாத ஊர், பழக்கமில்லாத சாப்பாடு. வேறொருவர் என்றால் விடுதலை நாளை எண்ணிக்கொண்டு கிடந்திருப்பார். இவர் தமிழ் எழுத்துக் கற்றார். வங்காளியும் கற்றார். தமிழ் கற்றதன் பலனாகத் திருக்குறள் மராத்தியில் வந்தது. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் வந்த தமிழர்கள் வயிற்றுப் பாட்டுக்காக மராத்தி கற்றார்கள். எந்தக் கட்டாயமும் இல்லாமல், கைதி உடையில் தமிழ் கற்ற மராத்தியர் இவர்.

1932இல் துலியா சிறையில் வினோபா பாவே ஞாயிறுதோறும் கீதையைப் பற்றிக் கைதிகளிடம் பேசினார். உட்கார்ந்து அதை எழுதி எடுத்தவர் சானே குருஜி. பல இந்திய மொழிகளில் இன்று படிக்கப்படும் கீதைப் பேருரைகள் அப்படிக் கிடைத்தவை.

அடுத்த ஆண்டு நாசிக் சிறை. பிப்ரவரி 9ஆம் தேதி எழுதத் தொடங்கினார். 13ஆம் தேதி விடிவதற்குள் ‘ஷ்யாம்ச்சி ஆயி’, அதாவது ஷ்யாமின் தாய் என்ற நூலின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. கிணறு, கம்பு, விறகுச் சுமை, உப்புப் போட மறந்த கறியை ஒரு வார்த்தை சொல்லாமல் அப்பா சாப்பிட்டு எழுந்த கதை எல்லாம் அதில் இருக்கின்றன. அது இல்லாத மராத்தி வீடுகள் குறைவு.

பண்டரிபுரம்

பண்டரிபுரம் விட்டலன் கோயில் வாசலில் சொக்கமேளரின் சமாதி இருக்கிறது. மகார் சாதியில் பிறந்த மகான். உள்ளே போக அனுமதி இல்லாமல் வாசலிலேயே பாடியவர். அவர் காலத்துக்குப் பிறகு சுமார் 600 ஆண்டுகள் ஆகியும் அந்தக் கதவு ஹரிஜனங்களுக்குத் திறக்கவில்லை. குருஜி ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். பலன் போதவில்லை. 1947 மே 1ஆம் தேதி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். ஏறத்தாழப் பத்து நாள் பட்டினி கிடந்தார். கோயிலார் இணங்கினார்கள், கதவு திறந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க அப்போது மூன்று மாதம் பாக்கி.

சுதந்திரம் அவருக்கு நிம்மதி தரவில்லை. 1948 ஜனவரியில் காந்தியடிகளைக் கொன்றவன் தம் மாநிலத்துக்காரன் என்பதைத் தாங்க முடியாமல் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் ‘சாதனா’ வார இதழைத் தொடங்கினார். அது பூனாவிலிருந்து இன்றும் வருகிறது. ஒவ்வொரு மாநிலத்தாரும் மற்றவர் மொழியைக் கற்க ‘ஆந்தர் பாரதி’ என்ற அமைப்பு வேண்டும் என்று பேசினார். திருச்சியில் முளைத்த விதை அது என்று சொல்லலாம்.

ஆனால் மனம் தளர்ந்துவிட்டது. 1950ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி, 50 வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். காய்ச்சல்காரப் பிள்ளைகளின் தலைமாட்டில் விழித்திருந்தவருக்கு, அந்த நாட்களில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து ஆச்சார்ய அத்ரே, ‘ஷ்யாம்ச்சி ஆயி’யைத் திரைப்படமாக எடுத்தார். தாயாக நடித்தவர் வனமாலா. இந்திய அரசு முதன்முதலாகத் திரைப்பட விருது வழங்கிய 1954இல், சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் அந்தப் படத்துக்குக் கிடைத்தது.