சட்டசபைக்குச் சென்ற வைத்தியர்: முத்துலட்சுமி அம்மையார்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூற்றாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், நூறு ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அக்கரையில், சென்னையில், பொதுவாழ்வில் கால்வைத்த ஒரு பெண்மணியை நினைவுகூர விரும்புகின்றோம். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒரு பெண்பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதை அவரது வாழ்க்கை காட்டுகின்றது.

அம்மையார் 1886 ஜூலை 30ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுடன் தொடர்புடைய குடும்பத்தவர். அக்காலத்தில் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களே பயின்றனர். அங்கு ஒரு பெண் சேர்வதற்குப் பலத்த எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி வழங்க, மாணவர் கண்ணில் படாதவாறு திரைமறைவில் அமர்ந்து பாடம் கேட்டார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே, 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1926இல் இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அவர் சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். வைத்தியத் தொழில் பாதிக்கப்படும் என்று முதலில் தயங்கியவர், பெண்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்பதால் இசைந்தார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண் அவரே. சபை அவரை ஏகமனதாக உப தலைவராகவும் தெரிவு செய்தது.

அவர் கையிலெடுத்த பெரும் பணி, சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதாகும். 1927இல் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்கள் எதிர்த்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய கலைஞர்களும் தமது வாழ்வாதாரமும் கலையும் அழியும் என்று அஞ்சி மறுப்புத் தெரிவித்தனர். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. கோயில் ஊழியத்துக்காக வழங்கப்பட்ட மானிய நிலமே பலருக்குச் சோறு போட்டது. 1929இல் அம்மையாரின் முயற்சியால் நிறைவேறிய சட்டத்திருத்தம், ஊழியத்திலிருந்து விடுபட்ட பின்னும் அந்நிலம் அப்பெண்களிடமே இருக்க வழி செய்தது.

1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுவதை முற்றாகத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் அதற்கும் இடையே இருபது ஆண்டுகள்! ஆனால் அவர் அதுவரை காத்திருக்கவில்லை. அந்த மரபிலிருந்து வெளியேறிய சிறுமியர் சிலர் விடுதிகளில் இடம் கிடைக்காமல் தம் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1930இல் ஔவை இல்லம் அவ்வாறே பிறந்தது.

அவர் பதவி துறந்த மறு ஆண்டு, 1931இல், எமது நாட்டில் இருபத்தொரு வயது நிரம்பிய பெண்கள் யாவரும் முதன்முறையாக வாக்களித்தனர். அடலின் மொலமூரே அந்த ஆண்டிலும், நேசம் சரவணமுத்து 1932இலும் அரசாங்க சபைக்குள் நுழைந்தனர். திருகோணமலையில் எமது பாட்டிமாரும் அத்தலைமுறையிலேயே வாக்குச் சீட்டைக் கையில் எடுத்தனர்.

அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் மறக்கவில்லை. பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1952இல் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22ஆம் திகதி காலமானார்.

சட்டசபையில் அவர் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. சட்டம் வரத் தாமதித்தபோதும் அவர் வீட்டு வாசல் மூடப்படவில்லை. வசதியின்மையால் படிப்பை இடைநிறுத்த நேரும் மாணவி ஒருத்தி எம்மிடம் வரும்போது, எந்தச் சுற்றறிக்கைக்கும் காத்திராமல் அவளுக்கு உதவுவதே அம்மையாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.