சிலேட்டிற் பிறந்த கணக்கு

கொட்டாஞ்சேனையிலே கணினி கற்கப் புறப்படும் வாலிபர் எவரையும் கேட்டுப் பாருங்கள். எந்தச் செய்நிரல் மொழி விரைவில் உத்தியோகம் பெற்றுத்தரும் என்பதே அவரது முதற் கவலை. கணிதத்தைப் பரீட்சையோடு தலைமுழுகிவிடலாமென்று நாமும் எண்ணியிருந்தோம். கணிதமேதை சீனிவாச இராமானுஜனின் சரிதமே அவ்வெண்ணத்தைக் கலைத்தது.

1887 டிசெம்பர் 22இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். தந்தையார் புடைவைக் கடைக் கணக்கர். பள்ளிப் பருவத்திலே கணிதச் சூத்திரத் தொகுப்பு நூலொன்று கைக்கெட்டியது. பின்னர் வேறெதிலும் மனம் செல்லவில்லை. கல்லூரியில் ஏனைய பாடங்களில் தவறினார். உபகாரச் சம்பளமும் போயிற்று. (இதனைச் சாட்டாகக் கொண்டு நாமும் தவறலாகாது!) கடதாசி வாங்க வசதியின்றிச் சிலேட்டிலே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுதுவினைஞரானார். மறுவருடம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914இல் கப்பலேறினார். 1918இல் றோயல் சங்கத்தின் அங்கத்துவம் பெற்றார். நோயுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில் மறைந்தார்.

அவர் கணினியைக் கண்டவரல்லர். ஆயினும் 1914இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றை நோக்குவோம். வட்டத்தின் பரிதிக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதமாகிய ‘பை’யைக் காணும் தொடர்கள் அதில் உள்ளன. கேரளத்து மாதவர் வழிவந்த பழைய தொடரால் எட்டு இலக்கம் பெறக் கோடிக்கணக்கான உறுப்புகளைக் கூட்டவேண்டும். இராமானுஜனின் தொடரொன்றோ ஓர் உறுப்புக்கு ஏறத்தாழ எட்டு இலக்கங்களைத் தந்துவிடுகிறது. இயந்திரம் ஒன்றே, மொழியும் ஒன்றே. படிமுறை மாத்திரம் வேறு. எத்துணை வேகமான கணினியை வாங்கினாலும் இவ்வித்தியாசத்தை ஈடுசெய்ய முடியுமா?

1985இல் அமெரிக்கரான கொஸ்பர் இத்தொடரையே கணினியிலிட்டு ஒரு கோடியே 75 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்களைக் கண்டார். வேடிக்கை என்னவெனில், அத்தொடருக்கு அப்பொழுது முழுமையான நிறுவல் இருக்கவில்லை. வேறு வழியிற் பெறப்பட்ட இலக்கங்களோடு ஒப்பிட்டே விடை சரியெனக் கண்டனர். செய்நிரல் ஓடுகிறதென்பதும் அது சரியென்பதும் வெவ்வேறு என்று இவ்விடத்தில் நாம் உணர்ந்தோம். இராமானுஜனிடம் ஹார்டி ஓயாது வேண்டியதும் நிறுவலைத்தானே! அது 1987இல் போர்வைன் சகோதரராற் கிடைத்தது. இராமானுஜன் வழியைப் பின்பற்றி சுட்னோவ்ஸ்கி சகோதரர் கண்ட வேறொரு தொடர் உறுப்புக்குப் பதினான்கு இலக்கம் தரும். இக்காலத்துப் ‘பை’க் கணிப்புச் சாதனைகள் பெரும்பாலும் அதனைக் கொண்டே நிகழ்கின்றன.