காலர் மைக்குக்கு முன்னால்... ஏற்காடு அடிவாரத்தில் சினிமாவைப் பேச வைத்த சேலத்து முதலாளி! யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

ஏற்காட்டில் இப்போது பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், ஏரிக்கரை என எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவர் வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார். சட்டைக் காலரில் ஒரு குட்டி வயர்லெஸ் மைக், போனில் செருகிய சின்ன ரிசீவர். அவ்வளவுதான், வேலை முடிந்தது.

இந்த மலைக்கு ஏறும் அதே சாலையில், சேலத்தில், மனிதக் குரலைப் படச்சுருளில் பதிவதற்கு ஒரு காலத்தில் ஏக்கர் கணக்கில் இடமும், சம்பளத்துக்கு ஒரு படையே ஆட்களும் தேவைப்பட்டார்கள். அதைக் கட்டி எழுப்பியவர் டி.ஆர்.சுந்தரம். மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் பலருக்கும் எம்.ஜி.ஆர், கருணாநிதி பெயர்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த நிறுவனத்தின் கதை தொடங்குவது ஒலியில்தான்.

ஜவுளி படிக்கப் போனவர்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம் பிறந்தது 1907-ல். குடும்பத் தொழில் ஜவுளி. அந்தத் தொழிலையே நவீனமாகக் கற்றுக்கொள்ள இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போனார். அங்கே ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். ஊர் திரும்பியபோது எல்லோரும் எதிர்பார்த்தது ஒரு மில் முதலாளியை. அவரோ சினிமா பக்கம் போய்விட்டார்.

அந்த நேரம் அப்படி. 1931-ல் 'காளிதாஸ்' வெளியாகி, தமிழ் சினிமா பேச ஆரம்பித்திருந்தது. அந்தப் படம் தயாரானதே பம்பாயில்தான். தமிழில் பேசும் படம் எடுக்க வேண்டுமென்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போயாக வேண்டும் என்பதே நிலைமை. காரணம், ஒலிப்பதிவுக் கருவிகள் அங்கேதான் இருந்தன.

சேலத்தில் வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸுடன் சேர்ந்துகொண்ட சுந்தரம், 1934, 1935-ம் ஆண்டுகளில் 'திரௌபதி வஸ்திராபகரணம்', 'துருவா', 'நல்லதங்காள்' ஆகிய படங்களின் தயாரிப்பில் பங்கெடுத்தார். அந்தப் பட வேலைகளுக்காக கல்கத்தா வரை போய்வந்தார். கதை இங்கே, நடிகர்கள் இங்கே, பாட்டு இங்கே, பார்க்கிற ஜனமும் இங்கேதான். மைக் மட்டும் ஆயிரம் மைலுக்கு அப்பால்!

அந்தக் கால மைக் எப்படி வேலை செய்தது?

இன்றைக்கு ஒரு டேக் சரியில்லை என்றால் அழித்துவிட்டு அடுத்தது எடுக்கலாம். 1930-களில் அது நடக்காது. மைக்கில் விழும் ஒலி மின்சாரமாக மாறும். அந்த மின்சாரம் ஒளியின் அளவைக் கூட்டும், குறைக்கும். அந்த ஒளிதான் பிலிமில் கோடாகப் பதியும். பிலிமைக் கழுவிப் பார்க்கும் வரை, பதிவானது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று கேட்டுப் பார்க்க வழியே கிடையாது.

இன்னொரு சிக்கல், பாட்டு. பின்னணிப் பாடல் என்ற முறை வருவதற்கு முன் நடிகரே கேமரா முன் பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் தெரியாதபடி செட்டுக்குப் பின்னாலோ, மரத்துக்குப் பின்னாலோ உட்கார்ந்து அப்போதே வாசிக்க வேண்டும். அத்தனை ஒலியும் ஒரே நேரத்தில் பதிவாகும். யாராவது ஒருவர் இருமினால் போச்சு. கேமரா போடும் இரைச்சல், காற்று, காக்கை, தெருவில் போகும் வண்டி என எது குறுக்கே வந்தாலும் முழு டேக்கும் வீண். வீணாவது காசு கொடுத்து வாங்கிய படச்சுருள்.

நடிகராலும் இஷ்டத்துக்கு நகர முடியாது. மைக்கை விட்டு விலகினால் குரல் மெலிந்துவிடும். நடிப்பு மைக்குக்குக் கட்டுப்பட்டிருந்த காலம் அது. ஆரம்ப கால பேசும் படங்களில் நடிகர்கள் நின்ற இடத்திலேயே நின்று பாடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கல்கத்தாவில் வாடகைக்கு எடுத்த ஸ்டுடியோவில் இதெல்லாம் நடந்தால் என்ன ஆகும்? வாடகை, தங்கும் செலவு, மொழி தெரியாத டெக்னீஷியன்கள். வசனத்தில் ஒரு சொல் தப்பாகப் போனாலும் ஒலிப்பதிவாளருக்கு அது தெரியப்போவதில்லை.

சேலத்துக்கு வந்த ஸ்டுடியோ

சுந்தரம் எடுத்த முடிவு துணிச்சலானது. ஒலியைத் தேடி ஊர் ஊராகப் போகாமல், அதை ஊருக்குக் கொண்டுவருவது. 1934-ல் சென்னையில் ஏ.நாராயணன் ஸ்ரீநிவாசா சினிடோன் தொடங்கி, தமிழகத்திலேயே பேசும் படம் எடுக்க முடியும் என்று காட்டியிருந்தார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவருடைய மனைவி மீனாட்சி நாராயணன் என்பது இன்றும் பலருக்குத் தெரியாத விஷயம். ஆனாலும் சென்னை ஒரு மாகாணத் தலைநகர். சேலம் அப்படி இல்லை. கைத்தறிக்கும் மாம்பழத்துக்கும் பெயர் போன உள்நாட்டு ஊர்.

1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கியது. ஏற்காடு சாலையில் ஸ்டுடியோ எழுந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் என எல்லாமே ஒரே வளாகத்துக்குள். பதிவானதை அங்கேயே கழுவி, அங்கேயே கேட்டு, சரியில்லை என்றால் செட்டைப் பிரிப்பதற்குள் மறுபடியும் எடுத்துவிடலாம். வெளிநாட்டு டெக்னீஷியன்களையும் வரவழைத்தார். 1937-ல் 'சதி அகல்யா' வெளியானது.

மலையாளம் பேசியதும் இங்கேதான்

அடுத்த ஆண்டே ஒரு வரலாறு. மலையாளத்தில் அதுவரை வந்தவை 'விகதகுமாரன்', 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படங்கள் மட்டுமே. 1938 ஜனவரியில் வெளியான 'பாலன்' மலையாளத்தின் முதல் பேசும் படம். தயாரித்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ். இயக்கியவர் எஸ்.நொட்டானி. கேரளத்து மக்கள் திரையில் முதன்முதலாகக் கேட்ட சொந்த மொழி, சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்த நிறுவனத்திலிருந்து போனது.

மௌனப் படத்துக்கு மொழி தடையில்லை. டைட்டில் கார்டை மாற்றினால் போதும். மைக் வந்ததும் ஒவ்வொரு மொழிக்கும் தனிப் படம் தேவைப்பட்டது. பெரிய நகரங்களின் ஸ்டுடியோக்கள் கண்டுகொள்ளாத மொழிக்கு இடம் கொடுக்க, ஒரு சிறிய ஊரின் ஸ்டுடியோவால் முடிந்தது.

குரல் வேறு, முகம் வேறு

1930-களின் இரண்டாம் பாதியில் பின்னணிப் பாடல் முறை இந்திய சினிமாவுக்குள் நுழைந்தது. பாட்டை முதலிலேயே கூடத்தில் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைக்க வைப்பது. நடிகர் மைக்கிடமிருந்து விடுதலை ஆனார். கேமராவும் வெளியே போகலாம், மலையிலும் ஏறலாம்.

1950-ல் வெளியான 'மந்திரி குமாரி' இதற்கு நல்ல உதாரணம். கருணாநிதி வசனம், எம்.ஜி.ஆர் நடிப்பு, எல்லிஸ் ஆர்.டங்கனும் சுந்தரமும் இயக்கம். அதில் மலை உச்சிக்கு அழைத்துப் போகும் புகழ்பெற்ற பாட்டில் திரையில் இருப்பவர்கள் எஸ்.ஏ.நடராஜனும் மாதுரி தேவியும். குரல் கொடுத்தவர்கள் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும்.

கண்டிப்பான முதலாளி

சுந்தரத்தின் பெயர் நிலைத்ததற்குப் படங்கள் மட்டும் காரணமில்லை. நேரம் என்றால் நேரம், பட்ஜெட் என்றால் பட்ஜெட். எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் விதி ஒன்றுதான். கலைஞர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். ஜவுளி ஆலையின் ஒழுங்கை சினிமாவுக்குள் கொண்டுவந்தவர் என்று சொன்னால் தப்பில்லை. கண்ணதாசன் இங்கே கதை இலாகாவில் இருந்தார். மருதகாசி பாட்டு எழுதினார். ஜி.ராமநாதன் இசையமைத்தார்.

இந்தக் கண்டிப்பு சிலருக்குப் பிடிக்காமலும் போனது. ஆனால் சோதனை முயற்சிகளுக்குப் பணம் மிஞ்சியது இந்தக் கணக்கினால்தான். 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். போர்க்காலத்தில் 'பர்மா ராணி'. அதில் சுந்தரமே ஜப்பானிய ராணுவ அதிகாரியாக நடித்தார். 1952-ல் அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படம். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான 'கண்டம் பெச்ச கோட்டு'.

1963 ஆகஸ்ட் மாதம் டி.ஆர்.சுந்தரம் காலமானார். வயது 56. அடுத்த ஆண்டு ஹாலிவுட்டில் 'மை ஃபேர் லேடி' வெளியானது. அதன் நாயகன் ரெக்ஸ் ஹாரிசன் கேமரா முன் நேரடியாகவே பாட விரும்பியதால், அவருடைய கழுத்து டைக்குள் ஒரு வயர்லெஸ் மைக்கை மறைத்து வைத்தார்கள். சுந்தரம் தொடங்கிய காலத்தில் நடிகரைக் கட்டிப்போட்ட வயர், அவர் போன பிறகு அறுந்தது.

இன்றைக்கு மைக் வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்டுடியோ பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது உண்மைதான். ஆனால் அன்றைய சிக்கல்கள் எதுவும் காணாமல் போகவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது.

தூரம்: வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரட்டிப்பானால், குரல் சுமார் 6 டெசிபல் குறையும். விலை உயர்ந்த மைக் தூரத்தில் இருப்பதைவிட, சாதாரண மைக் நெஞ்சுக்கு மேலே இருப்பது நல்லது.

காற்று: ஏற்காடு மாதிரி மலையில் முதல் எதிரி இதுதான். மைக்குடன் ரோமம் வைத்த காற்றுத் தடுப்பு உறை வருகிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் வாங்கினால் வெளிப்புற வீடியோவுக்கு வேலைக்கு ஆகாது.

சிக்னல்: இந்தச் சின்ன மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இதற்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் வைஃபையும் இதே அலைவரிசையைப் பயன்படுத்தும். மனித உடம்பும் இந்த அலையைத் தடுக்கும். மைக் மாட்டியவர் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாலே சிக்னல் விட்டுப்போகலாம். பெட்டியில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கு, தடையே இல்லாத திறந்தவெளிக்குத்தான்.

கையில் ஒரு நகல்: மைக்கின் உள்ளேயே பதிவாகும் வசதி இருந்தால் சிக்னல் அறுந்தாலும் குரல் தப்பும். 32 பிட் ஃப்ளோட் வசதி இருந்தால், திடீரென்று கத்தினாலும் பெரும்பாலும் ஒலி உடையாமல் மீட்கலாம்.

கேட்டுப் பார்க்கும் வழி: ரிசீவரில் ஹெட்போன் மாட்ட இடம் உண்டா? அந்தக் காலத்தில் பிலிமைக் கழுவும் வரை காத்திருந்தார்கள். இப்போது 10 விநாடி பேசிப் பதிவு செய்து உடனே கேட்டுப் பார்க்கலாம். மலை இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

இணைப்பு: உங்கள் போனில் இருப்பது டைப்-சியா, லைட்னிங்கா என்று பார்த்து வாங்குங்கள். ஒருவர் பேச ஒரு மைக் போதும். பேட்டி, பாட்காஸ்ட் என்றால் இரண்டு மைக் உள்ள செட்.

மிச்சம் இருப்பது என்ன?

சுந்தரத்துக்குப் பிறகு மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் வந்தன. 100 படங்களைத் தாண்டிய பிறகு ஸ்டுடியோ ஓய்ந்தது. வளாகம் குடியிருப்பாக மாறியது. சாலையோரத்து நுழைவாயில் வளைவு மட்டும் பழைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

கட்டடத்தைவிட அவருடைய முடிவுதான் பெரிய சொத்து. நம் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்ய வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று அவர் காட்டியபோது, அதற்கு ஒரு பெரிய முதலீடு தேவைப்பட்டது. இன்றைக்கு அதே வேலையை சில ஆயிரம் ரூபாயில் செய்ய முடிகிறது. சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெரியவர்களின் பேச்சு, காபித் தோட்டத் தொழிலாளியின் அனுபவம், கோயில் திருவிழாப் பாட்டு என்று பதிவாகாமல் கிடப்பவை இங்கே இன்னும் ஏராளம்.