பீதோவன் கண்ட சொற்குறை

ஜெர்மனியிலுள்ள பான் நகரில் 1770-ஆம் ஆண்டு பிறந்த பீதோவன், 1792-இல் வியன்னா புகுந்து இசைப்புலவராய் விளங்கினார். இசையேடுகளில் நடையையும் உணர்ச்சியையும் இத்தாலியச் சொற்களாற் குறிப்பதே அக்கால மரபு. மாணாக்கராகிய நாம் அல்லெக்ரோ என்றால் விரைவு என்றே நெட்டுருச் செய்கின்றோம். இத்தாலியர்க்கோ அச்சொல் மகிழ்ச்சியைக் குறிப்பது. விரைந்து செல்லும் இசை துயரமுடையதாயின் யாது செய்வது? இவ்விடர்ப்பாட்டை 1817-இல் மோசெல் என்னும் இசைவல்லார்க்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்காட்டி, அத்தகைய சொற்களைக் கைவிடக் கருதியதையும் அவர் தெரிவித்தார்.

இது வெறுஞ் சொற்போரன்று. செவிப்புலன் குன்றியமையால் 1814-க்குப் பின் அவர் அவைக்கண் பியானோ வாசித்தல் அரிதாயிற்று. தாமே வாசித்துக் காட்டவியலாதவர்க்கு ஏட்டிலெழுதும் சொல்லன்றோ நாவாவது! அவ்வாண்டு இயற்றிய 90-ஆம் எண்ணுடைய சொனாட்டாவில், உயிர்ப்பும் உணர்ச்சியும் வேண்டுமெனத் தாய்மொழியிலேயே நீண்டதொரு குறிப்பு வரைந்தார். மெல்ட்செலின் மெட்ரோனோம் கருவியையும் உவந்தேற்று, 1817-இல் தம் எட்டுச் சிம்பொனிகட்கும் நிமிடத்திற்கு இத்தனை தட்டென எண் வகுத்து வெளியிட்டார். அவற்றுட் சில மிகையான விரைவென இன்றும் வழக்காடுவர்.

ஆயினும் 1827-இல் மறையுமட்டும் பழஞ்சொற்களை முற்றும் துறந்தாரல்லர். 1824-இல் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் முகப்பிலும் அல்லெக்ரோவே நிற்கின்றது. அதன் தொடக்க இசையிலோ மகிழ்ச்சியின் சாயல் சிறிதுமில்லை.