கதவு திறந்த கலைஞன் பி. ரம்லி

மலேசியாவில் பிறந்த எவருக்கும் பி. ரம்லியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செராசில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் அடுத்து அதிகம் வந்து போனவர் அவர்தான். ஆனால், அவருடைய கலை வாழ்வில் இந்தியர்களுக்கு உள்ள தொடர்பை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ரம்லி 1929 மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை அச்சேயிலிருந்து வந்து குடியேறியவர். இளமையிலேயே இசையில் நாட்டம் கொண்ட ரம்லி, 1948இல் புக்கிட் மெர்தாஜாமில் பாடியதைக் கேட்ட இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். அங்கே ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக்கூடம் இருந்தது. அதே ஆண்டு வெளிவந்த ‘சிந்தா’ அவருக்கு முதல் படம்.

அன்றைய மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். இந்தியப் படக் கதைகள் பல மலாய்மொழிக்கு மாற்றப்பட்டன. திரையில் தெரிந்த முகங்கள் மலாய் முகங்கள். ஆனால் கதையும் அசைவும் வேறு மண்ணைச் சேர்ந்தவை. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்ல வேண்டும் என்று மலாய்க் கலைஞர்கள் ஏங்கியது நியாயமே.

இங்கேதான் எல். கிருஷ்ணன் வருகிறார். சென்னையில் பிறந்து, சிறுவயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர் இவர். 1950இல் ‘பக்தி’ படத்தை இயக்கியபோது ரம்லியையே கதாநாயகனாக்கினார். நாயகனுக்குரிய முகவெட்டு ரம்லிக்கு இல்லை என்ற தயக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. அதுவரை பிறருக்குப் பின்னணி பாடிவந்த ரம்லி, அப்படத்தில் தம் முகத்தோடு தம் குரலையும் சேர்த்து மக்கள்முன் நின்றார்.

இயக்குநர் நாற்காலி மட்டும் எளிதில் கிட்டவில்லை. 1952இல் ஹாஜி மஹாடி இயக்கிய படம் வசூலில் தோற்றது. ஒருவரின் தோல்வி ஓர் இனத்தின் திறமையின்மையாகப் பார்க்கப்படும் ஆபத்து அன்றும் இருந்தது. 1955இல் ரம்லி, ‘பெனாரேக் பேச்சா’வை இயக்கினார். ஏழை ரிக்‌ஷா ஓட்டி ஒருவனின் கதை அது. படம் வென்றது, மலாய் இயக்குநர்களுக்கு வழி பிறந்தது. பணி மஜும்தார் இயக்கிய ‘அனாக்கு சசாலி’யில் நடித்து, 1957இல் ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதையும் பெற்றார் ரம்லி.

1964இல் கோலாலம்பூருக்கு வந்து, உலு கிள்ளானிலுள்ள மெர்டேக்கா படப்பிடிப்புக்கூடத்தில் பணியாற்றினார். அங்கே 1968இல் அவர் எடுத்த ‘கெரிமிஸ்’ நம் கவனத்திற்குரியது. மலாய் ஓவியன் ஒருவனுக்கும் இந்தியப் பெண் லீலாவுக்கும் இடையிலான காதல் கதை அது. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். மலாய் நடிகை ஒருவருக்குப் பொட்டு வைத்துச் சமாளித்திருக்கலாம். ரம்லி அப்படிச் செய்யவில்லை. தமக்குத் திறக்கப்பட்ட கதவை அவர் பிறருக்கும் திறந்துவைத்தார் என்றே நான் கருதுகிறேன்.

இதை நான் பெரிதாக எண்ணக் காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபோது, அங்கு அரங்கேறிய நாடகங்களில் இந்தியர் என்றால் தள்ளாடும் குடிகாரர்தான். எழுதியவர்கள் என் நண்பர்களே; வெறுப்பு ஏதுமில்லை. ஆனால் எங்களில் ஒருவரையும் கேட்டு அவர்கள் எழுதியதில்லை.

ரம்லியின் கடைசி ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. 1973 மே 29ஆம் நாள், 44 வயதில் மாரடைப்பால் மறைந்தார். 1990இல்தான் தான் ஸ்ரீ பட்டம் வந்தது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவகம்; செராசிலிருந்து அதிகத் தொலைவில்லை.

2015இல் வெளிவந்த ‘ஜகாட்’, நம்மவர் வாழ்க்கையை நம்மவரே சொன்னபோது எவ்வளவு உண்மையாக இருக்கும் என்பதைக் காட்டியது. அதே அளவுகோலை நாமும் பிறருக்குப் பயன்படுத்த வேண்டாமா? நாம் விரும்பிப் பார்க்கும் தமிழ்ப் படங்கள் சிலவற்றில் கறுப்பினத்தவர் போதைப்பொருள் கடத்துபவராகவே வருகிறார். நம் கலைவிழா நாடகங்களில் வங்காளதேசத் தொழிலாளி சிரிப்பு மூட்டவே வருகிறார். மாணவ நண்பர்களே, அடுத்த நாடகத்தை எழுத உட்காரும்போது அவரையும் அழைத்துப் பேசுங்கள். மேடையில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.