காசிச்செட்டியின் கரையில் பாதிப் பங்கு

போன முறை கற்பிட்டிக்குப் போனபோது, வாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னிடம் சட்டம் கேட்டார். கணவர் பிரிந்துபோய்விட்டார். காணி உறுதியும் படகும் அவர் பெயரில். இத்தனை வருடம் சேர்ந்து உழைத்ததில் தனக்குப் பாதி வராதா என்பதுதான் கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடத் தொடங்கியபோது அதே ஊரில் பிறந்த ஒரு நீதிபதியின் காலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சைமன் காசிச்செட்டி 1807இல் கற்பிட்டியில் பிறந்தார். புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். இலங்கையின் ஊர்களையும் மக்களையும் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்ற ஆங்கில நூலை 1834இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 27. 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழருக்கான உறுப்பினர். பிறகு இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையரானார். சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாறு கூறும் ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் வந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார்.

அவரைப் புலவர் வரலாற்றுக்காகவே நினைவுகூருகிறோம். என்னை இழுத்தது சிலாபத்து நீதிபதி நாற்காலி.

அவர் காலத்தில் இந்தக் கரையில் எல்லோருக்கும் ஒரே சொத்துமுறை இருக்கவில்லை. முஸ்லிம்களுக்குத் தனிச்சட்டம். முக்குவரிடம் தாய்வழி உரிமை வழக்கம் இருந்தது. தேசவழமை வடக்குத் தமிழருக்கு உரியது. தனிவழக்கு எதற்கும் உட்படாதவர்களை ரோமன் டச்சுச் சட்டம் ஆண்டது. அதன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், திருமணத்தோடு இருவர் சொத்தும் ஒன்றாகிவிடும். திருமண பந்தம் முடியும்போது ஆளுக்குப் பாதி. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நிர்வாகம் முழுக்கக் கணவன் கையில். மனைவியைக் கேட்காமலே அவன் விற்கலாம், ஈடுவைக்கலாம். பாதி அவளுடையது, சாவி அவனுடையது.

காசிச்செட்டி இறந்து 16 வருடத்தில் அந்தப் பொதுச்சொத்து முறை எடுபட்டது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கணவன் சொத்தையும் மனைவி சொத்தையும் வேறாக்கியது. அப்போதும் மனைவி தன் காணியை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டியிருந்தது. 1923இன் கட்டளைச்சட்டம்தான் அந்தக் கட்டை அவிழ்த்தது. அவளுக்குச் சாவி கிடைத்தது; பாதி போய்விட்டது.

இன்றும் பொதுச்சட்டத்தின் நிலை அதுதான். கணவன் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் மனைவிக்குப் பாதி உண்டு. விவாகரத்தில் அப்படித் தானாக வரும் பங்கு கிடையாது. நீதிமன்றம் தற்றுணிபின்படி சொத்து ஏற்பாடு ஒன்றுக்கு உத்தரவிடலாம். மற்றப்படி உறுதியில் யார் பெயர், யார் பணம் கொடுத்தார் என்று வழக்காட வேண்டும். கருவாடு காயப்போட்டதற்கு யார் பற்றுச்சீட்டு வைத்திருப்பார்?

பழைய சட்டம் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாதியையும் சாவியையும் சேர்த்துக் கொடுக்கும் சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை.

அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: கையில் இருக்கும் கடன் புத்தகம், சீட்டுக் கணக்கு, வங்கித் துண்டு எதையும் எறியாதீர்கள், சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மகளுக்குக் காணி வாங்கும்போது உறுதியில் அவள் பெயரும் இருக்கும் என்றார்.